வால் உள்ளது வாங்குவதில்லை

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் போகும் வழியில்
என் கடைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
பித்தளை வாங்குவேன், செம்பு, பற்றரி, பழைய சைக்கிள்.
சுனாமிக்குப் பிறகு இரண்டு வருசம்
ஜன்னல் கம்பியாகவே வாங்கினேன்.
வால் உள்ளது மட்டும் வேண்டாம்.

காலையில் லேண்ட்மாஸ்டர் வந்து நின்றது.
தம்பிலுவில் நிதுர்சனும் இன்னும் மூன்று பொடியன்களும்.
பெட்டிக்கு வெளியே நீண்டுகொண்டு
தோணியொன்றை நெடுக்காகப் பிளந்து
பாதியை மட்டும் ஏற்றியது போல
வெள்ளையாக ஒன்று.
"ராத்தா, வலையைக் கிழிச்சுப் போட்டுது.
வலைக் காசாவது தாங்க."

காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை.
தட்டினேன். இரும்பின் பேச்சு இல்லை,
காய்ந்த சுரைக்குடுவையின் பேச்சு.
உடைந்த ஓரத்தில் தேனடை மாதிரி
அறை அறையாக,
உள்ளே உப்புத் தண்ணீர்.
"றொக்கெட்டுட மூடி," என்றான், போனைப் பார்த்து.
"காத்து முடியிற இடம் வரைக்கும்
உள்ள இருக்கிற சாமானைப் பொத்தி வைக்குமாம்.
பிறகு கழண்டு கடலில விழுமாம்."

றொக்கெட்டின் சரித்திரம் எனக்கும் கொஞ்சம் தெரியும்,
எடை போடுகிற அளவுக்கு.
முதலில் மூங்கிலாம், மருந்தை இடித்து அடைத்தது.
மூங்கில் என்னிடம் வராது, அடுப்புக்குப் போகும்.
மைசூரில் இரும்புக் குழாயில் அடைத்தார்களாம்.
அது சரக்கு.
விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு போன வெள்ளைக்காரன்
அதேபோலச் செய்து ஊரூராய் அடித்தானாம்.
அவனும் என் தொழில்தான் பார்த்திருக்கிறான்.
திருவிழா வாணம் ஈர்க்குக் குச்சி, கொஞ்சம் சாம்பல்,
தராசு அதைக் கண்டுகொள்ளாது.

பிறகு, வாகரைப் பக்கத்துச் சண்டை ஓய்ந்த வருசம்
உரப் பைகளில் வந்தவை.
ஒரே மூச்சில் நாற்பது போகுமாம்.
போனதில் ஒன்றும்
ஏவியவனிடம் திரும்பி வந்ததில்லை,
எல்லாம் எங்களிடம்தான் வந்தன.
குழாய்கள், செட்டை விரிந்த வால்கள்,
கிலோவுக்கு நல்ல விலை.
அலியார் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார்.
பதினேழாவது
தன் வேலையை முடிக்காமல் வந்திருந்தது.

வலது கையில் இப்போது இரண்டு விரல்.
தஸ்பீஹ் மணி உருட்டுவார், பேனை பிடிப்பார்.
பலகையை எழுதியது அந்தக் கைதான்,
அதனால்தான் 'வா' சாய்ந்திருக்கிறது.

"இதுக்கு வால் இல்லையே ராத்தா."
உண்மைதான்.

போன கார்த்திகையில், புயலுக்கு முந்திய அசர் நேரம்,
எல்லாருடைய போனும் ஒரேயடியாகக் கத்தின.
நிதுர்சனின் தோணி அன்றிரவு
தென்னையில் கட்டிக் கிடந்தது, அவனும் வீட்டில் கிடந்தான்.
"மேல இருந்து பார்த்துத்தான் சொன்னது.
அதுவும் இப்படி ஒரு மூடிக்குள்ள இருந்துதான் போயிருக்கும்."
அப்படியென்றால் வலைக் காசை
யாரிடம் கேட்பது?

"இனி இப்படி விழாதாம்.
போனது தானாத் திரும்பி வந்து நிமிர்ந்து நிற்குமாம்.
கழுவித் துடைச்சுத் திரும்பவும் அனுப்புவாங்களாம்."
"அப்ப என்ட வியாபாரம்?" என்றேன்.
பொடியன்கள் சிரித்தார்கள்.

உள்ளே இருந்து அலியார் கேட்டார்:
"போன இடத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாம
அப்படியே திரும்பி வருமா?"
"ஓம் காக்கா."
அவர் எழுந்து வந்தார்.
பதினெட்டு வருசமாகத் தராசுப் பக்கம் வராதவர்
இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.
ஒட்டியிருந்த சிப்பிகளில் ஒன்றுக்கு
இன்னும் உயிர் இருந்தது. வாயை மூடிக்கொண்டது.

வலைக்கு நாலாயிரம் கொடுத்தேன்.
லுஹருக்கு முன்னமே பொலிஸ் வந்துவிட்டது.
யாருடைய பொருள் என்று எழுத வேண்டுமாம்.
பொடியன்கள் நாலு பேரும் மேலே பார்த்தார்கள்.
சார்ஜனும் ஒருமுறை பார்த்துவிட்டு
அந்தக் கோட்டை வெறுமையாக விட்டார்.

ஏற்றிக்கொண்டு போன பிறகு
தட்டில் கொஞ்சம் மணல், கழன்று விழுந்த ஒரு சிப்பி.
அலியார் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
முள் இன்னும் பூச்சியத்துக்கு வரவில்லை.